முதல் கத்தி

நயினாதீவில் ஒரு தாயார், சவரத் தொழில் பழகும் மகனுக்கு முதல் கத்தியை அன்பளிப்பாகக் கொடுக்க விரும்பினார். ஒஸ்தாவாக இருந்த அவருடைய வாப்பாவின் கத்தி, 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணம் சோனகத் தெரு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வீட்டோடு போய்விட்டது.

"ஹஸ்ரத், அது மாதிரி ஜேர்மன் கத்தியே வாங்கவா?" என்று கேட்டார்.

(மௌலவி தாடி வழிக்க வழி சொல்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள், சகோதரிகளே! மீசை கத்தரிப்பதும் தலை மழிப்பதும் நம் மார்க்கத்தில் உள்ளவைதானே.)

சோலிங்கன் உருக்குக் கத்தி பேணினால் பேரன் வரை வரும். ஆனால் கல்லில் தீட்டவும் தோல்வாரில் இழுக்கவும் கை பழக மாதக் கணக்காகும். துடைத்து எண்ணெய் பூசாவிட்டால் தீவின் உப்புக் காற்றில் துருவேறும். அதைவிடப் பெரிய விஷயம், அகீகா அன்று ஏழு நாள் பிள்ளையின் தலையும் அந்தக் கத்திக்குத்தான் வரும். முடியின் எடைக்கு வெள்ளி தர்மம் செய்கிறோம். கத்தி முன்பு யார் தலையில் பட்டது என்று கேட்கிறோமா? ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த இரத்தத்திலும் ஏழு நாளாவது உயிரோடிருக்கும். துடைத்தால் போகாது.

பிளேட் மாற்றும் கத்தியே நல்லது என்றேன். ஆளுக்கொரு புதுப் பிளேட். தீட்டும் வேலையும் இல்லை.

அதையே வாங்கினார், பிளேட் பெட்டி ஒன்றோடு. "ஜேர்மன் கத்திய அவன் உழைச்சு வாங்கட்டும்" என்றார்.