கயிறு கட்டி இறக்கிய பலா

பண்ருட்டியிலிருந்து கும்பகோணம் சாலையில் தெற்கே வந்தால், சுமார் 20 கிலோமீட்டரில் நெய்வேலி. வைகாசி மாதத்தில் இந்தச் சாலையில் பஸ் ஏறினால், ஊரின் பெயர்ப் பலகையைப் பார்க்க வேண்டியதே இல்லை. ஜன்னல் வழியாக வரும் பலாப்பழ வாசனையே எங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிடும். பணிக்கன்குப்பம், காடாம்புலியூர் என்று வழிநெடுக, கீற்றுக் கொட்டகைகளில் பழங்கள் அடுக்கியிருக்கும். பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பாலூர் 1 பலா ரகம், இந்தப் பணிக்கன்குப்பத்து மரத்திலிருந்து தேர்வு செய்யப்பட்டதுதான்.

நெய்வேலி ஆர்ச் கேட் நெருங்கும் இடத்தில் ஒரு கடையில் இறங்கினேன். கடைக்கார அம்மா, காலையில் வந்த பழங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முள்ளைப் பார்க்கவில்லை, நிறத்தைப் பார்க்கவில்லை. நேராகக் காம்பு இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். பிறகு பழத்தின் அடிப்பக்கத்தைத் தடவினார். ஒரு பழத்தைத் தனியே பின்னால் தள்ளி வைத்தார். எனக்கு அது நல்ல பழமாகத்தான் தெரிந்தது.

“மேல பாத்தா ஒண்ணும் தெரியாது தம்பி. கை வச்சா மெத்துனு இருக்குது பாருங்க. நாளைக்குக் கறுத்துடும். இத மத்ததோட வச்சா பக்கத்துல இருக்கறதையும் கெடுத்துடும்” என்றார்.

அந்த மெத்தென்ற இடம் எப்படி வந்தது என்று கேட்டேன். “அதெல்லாம் தோப்புலயே ஆயிடுது. எங்களாண்ட வர்றப்ப அது முடிஞ்ச கதை” என்று சொல்லி, காடாம்புலியூர் பக்கத்தில் தான் வழக்கமாகப் பழம் எடுக்கும் தோப்புக்கு வழி சொன்னார்.

புயலுக்குப் பிறகு வைத்த மரங்கள்

செம்மண் பாதையில் முந்திரிக் காடுகளுக்கு நடுவே அந்தத் தோப்பு. நெய்வேலி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நிலக்கரியும் மின்சாரமும்தான் நினைவுக்கு வரும். ஆனால், அந்த ஊரே ஒரு விவசாயக் கிணற்றிலிருந்து தொடங்கியதுதான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. அதன் பிறகு சுரங்கம், அனல் மின் நிலையம், வட்டம் வட்டமாக நகரியம் என்று ஊர் வளர்ந்தது. சுரங்கம் இருக்கும் மண்ணிலும் சுற்றிலும் ஒரு காலத்தில் இருந்தது, இன்னும் மிச்சம் இருப்பது, பலாவும் முந்திரியும்தான்.

தோப்புக்காரருக்கு எழுபது வயது இருக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்க் கரையைக் கடந்தபோது, இந்தப் பகுதியின் பலா, முந்திரி மரங்கள் ஏராளமாக வேரோடு சாய்ந்தன. “அறுவது மரம் இருந்துது. விடிஞ்சி பாத்தா ஒம்போதுதான் நின்னுது. பாட்டன் வச்ச மரம் தம்பி. அதுக்கப்புறம் ஒட்டுக்கன்னு வாங்கி வச்சி, தண்ணி ஊத்தி வளத்ததுதான் இதெல்லாம்” என்று சுற்றிக் காட்டினார்.

அப்படி வளர்த்த மரம் காய்க்கத் தொடங்கி, முதல் பெரிய அறுவடையை வெளியூர் மண்டிக்கு அனுப்பியபோதுதான் அவருக்கு அடி விழுந்தது. நூறு பழம் ஏற்றினார். அதில் இருபத்திரண்டு பழம் அழுகல் என்று கழித்துவிட்டார்கள். “ஏமாத்துறானுங்கன்னு சண்டை போட்டேன். அடுத்த லோடும் அப்படியேதான். எம் பையன்தான் சொன்னான், நாமளே வச்சிப் பாத்துடலாம்ப்பான்னு.”

அப்பாவும் மகனும் ஒரே மரத்தில் இருபது பழம் வெட்டினார்கள். பத்துப் பழத்தை வழக்கம்போல் வெட்டிக் கீழே விழவிட்டார்கள். பத்துப் பழத்தைச் சாக்கில் தாங்கி, கயிறு கட்டி இறக்கினார்கள். விழுந்த பழங்களுக்குச் சுண்ணாம்புப் பொட்டு வைத்து, இரண்டையும் ஒரே கொட்டகையில் தனித்தனியாகப் பரப்பினார்கள். நாலாம் நாள் சுண்ணாம்புப் பொட்டு வைத்ததில் ஐந்து பழம் மெத்தென்று ஆகிவிட்டது. கயிற்றில் இறக்கியதில் ஒன்றுதான் கெட்டிருந்தது.

“மண்டிக்காரரு மேல தப்பு இல்ல தம்பி. நான் கீழ போட்டதத்தான் அவரு கழிச்சிருக்காரு” என்றார். அடுத்த முறை மண்டிக்குப் போனபோது அதை அவரிடமே சொல்லிவிட்டாராம்.

பூசணம் நுழையும் வாசல்

பலாவை அழுகவைப்பதில் முக்கியமானது ரைசோபஸ் என்ற பூசணம். முதலில் தோல் நீர் கோத்ததுபோல் மெத்தென்று ஆகும். பிறகு வெள்ளை நூல் படரும். அதன்மேல் குண்டூசித் தலைபோலக் கறுப்புப் புள்ளிகள் வரும். அந்தப் புள்ளிகள்தான் இதன் விதைகள். காற்றிலும் மண்ணிலும் பழைய சாக்கிலும் இவை எப்போதும் இருக்கும்.

ஆனால், காயம் இல்லாத தோலை இந்தப் பூசணத்தால் சுலபமாகத் துளைக்க முடியாது. அடிபட்ட இடம், முள் நசுங்கிய இடம், வெட்டிய காம்பு, பூச்சி துளைத்த ஓட்டை இவைதான் வாசல். ஒரு பழத்தில் நுழைந்துவிட்டால், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் நல்ல பழத்துக்கும் பரவும். வெயில் காலத்தில் தார்ப்பாய் மூடிய லாரியில் ஒரு ராத்திரி போனால், ஈரமும் சூடும் சேர்ந்து வேலையை முடித்துவிடும்.

இன்னொரு வாசல் மரத்திலேயே இருக்கிறது. பலாவில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. மகரந்தம் உதிர்த்த ஆண் பூக்கதிர்கள் பூசணம் பிடித்துக் கறுத்துத் தொங்கும். அதைப் பார்த்து ‘பிஞ்சு அழுகி விழுகிறது’ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஆண் கதிர் கறுத்து விழுவது இயற்கை. ஆனால், அது விழாமல் பெண் பிஞ்சை ஒட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பூசணம் பிஞ்சுக்கும் தொற்றும். அதனால் கறுத்த கதிர்களையும் அழுகிய பிஞ்சுகளையும் அப்புறப்படுத்திக் குழியில் புதைக்க வேண்டும். மரத்தடியில் போட்டுவைக்கக் கூடாது. பிஞ்சு அழுகல் அதிகமாக உள்ள தோப்பில் 1 சதவிகித போர்டோ கலவை, அல்லது ஒரு லிட்டர் நீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து, பிஞ்சுப் பருவத்தில் 21 நாள் இடைவெளியில் தெளிக்கலாம். அறுவடை செய்த பழத்தைப் பூசணக்கொல்லி மருந்தில் முக்குவது மட்டும் கூடவே கூடாது.

தோப்புக்காரர் இப்போது செய்வது

தட்டிப் பார்த்தால் ‘டொப்’பென்று சத்தம் வர வேண்டும். முள் அகன்று தட்டையாகியிருக்க வேண்டும். காம்பின் அருகில் உள்ள இலை பழுத்திருக்க வேண்டும். அப்போதுதான் வெட்டுகிறார். மழை பெய்த ஈரத்தோடு வெட்டுவதில்லை. ஒருவர் மரத்தில், ஒருவர் கீழே. பழத்தைக் கயிற்றில் கட்டிய பிறகுதான் காம்பில் கத்தி படும். நாலு விரல் நீளம் காம்பு விட்டு வெட்டுகிறார். பால் வடியும்வரை நிழலில் வைக்கோல் மேல் வைக்கிறார். வெறும் மண்ணில் வைப்பதில்லை. கொட்டகையில் மூங்கில் தட்டி போட்டு, ஒரே அடுக்காக, ஒன்றையொன்று இடிக்காமல் பரப்புகிறார். கீழே தவறி விழுந்த பழம் வெளியூருக்குப் போகாது. அன்றைக்கே உள்ளூரில் விற்றுவிடுகிறார், இல்லையென்றால் வீட்டில் சுளை எடுத்துவிடுகிறார்கள். பூசணம் பிடித்ததை மாட்டுக்கும் போடுவதில்லை.

மண் ஒட்டிய பழத்தைக் கழுவ வேண்டுமென்றால், 10 லிட்டர் சுத்தமான நீரில் 3 முதல் 4 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கலந்து கழுவலாம். நீர் கலங்கினால் மாற்ற வேண்டும். கழுவிய பழம் முள் இடுக்கு வரை காய வேண்டும். காயவைக்க இடமோ நேரமோ இல்லையென்றால், கழுவாமல் உலர்ந்த துணியால் துடைப்பதே நல்லது. ஈரத்தோடு அடுக்கிய பழம் கழுவாத பழத்தைவிடச் சீக்கிரம் கெடும்.

‘குளிர்பதனக் கிடங்கில் வைத்தால் என்ன?’ என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 5 டிகிரிக்குக் கீழே போனால் ரைசோபஸ் வளர்வது நின்றுவிடும் என்பது உண்மை. கொடைக்கானல், நீலகிரி மலைகளில் விளையும் பீச் பழத்தையும் இதே பூசணம் அழுகவைக்கிறது. பீச், 0 டிகிரி குளிரைத் தாங்கும் என்பதால், பறித்த உடனே குளிரவைத்தால் அழுகலைத் தடுத்துவிடலாம். பலாவுக்கு அது சரிவராது. 12 டிகிரிக்குக் கீழே பலாவின் தோலும் சுளையும் பழுப்பேறும், மணம் குறையும். 13 டிகிரி அளவில் சில வாரம் வைக்கலாம். ஆனால், அந்தக் குளிரில் பூசணம் சாகாது, மெதுவாக வளரும். ஆகவே, அடிபட்ட பலாவைக் குளிரில் வைத்துக் காப்பாற்ற முடியாது.

நகரியத்துக் குடியிருப்புகளின் தோட்டங்களில் பலாவோடு மாமரமும் உண்டு. மாம்பழத்தின் கரும்புள்ளி நோய் வேறு மாதிரி. அது பூவிலும் பிஞ்சிலுமே தோலுக்குள் புகுந்து உறங்கி, பழுக்கும்போது வெளியே வரும். அதற்கு, பறித்த அன்றே 52 டிகிரி வெந்நீரில் 5 முதல் 10 நிமிடம் காய்களை மூழ்கவைத்து, ஆறவிட்டு, உலர்த்தலாம். வெப்பமானி இல்லாமல் கைக்கணக்கில் செய்ய வேண்டாம். சூடு கூடினால் தோல் வெந்துவிடும்.

சாயங்காலம் திரும்பும்போது அதே கடையில் இறங்கினேன். தோப்புக்காரரைப் பார்த்ததைச் சொன்னேன். கடைக்கார அம்மா சிரித்தார்.

“அவரு பழத்துக்கு ஒரு பழத்துக்கு பத்து ரூபா சேத்துக் குடுத்துத்தான் வாங்குறேன். கழிக்க வேண்டியது இல்ல பாருங்க. கயிறு என்னா வெல வித்துடப் போவுது?” என்றபடி, ஒரு பழத்தைப் புரட்டிக் காம்பை அழுத்திப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார்.