யாருடைய பாடு?

நான் கிறிஸ்தவனல்லன். எனினும் விவிலியத் தமிழின் நடையை மாணவருக்கு அறிமுகப்படுத்தும் நோக்குடன், ஏசாயா நூலின் 53ஆம் அதிகாரத்தை உயர்தர வகுப்பில் ஒருமுறை படித்துக் காட்டினேன். இகழப்பட்டு, நொறுக்கப்பட்டு, வாய் திறவாமற் சாவை ஏற்கும் ஊழியன் ஒருவனைப் பற்றியது அது. படித்து முடித்ததும் ஒரு மாணவி எழுந்தாள்.

"சேர், அடிபடுறவன் வாய் திறக்காமல் இருக்கவேணும் எண்டோ இது சொல்லுது?"

அன்று என்னிடம் தக்க விடை இருக்கவில்லை. வீடு திரும்பியதும் மீண்டும் படித்தேன்.

அவ்வூழியன் யார் என்பது பழைய வினா. அப்போஸ்தலர் நடபடிகளில், தேரிலிருந்து இப்பகுதியை வாசிக்கும் எத்தியோப்பிய மந்திரி, தீர்க்கதரிசி யாரைக் குறித்துச் சொல்கிறார் என்று பிலிப்புவைக் கேட்கிறான். பிலிப்பு அவ்விடத்திலிருந்தே தொடங்கி இயேசுவை அறிவிக்கிறார். பிறர் பாவத்தைச் சுமந்து சிலுவையில் மாண்ட இயேசுவே அவ்வூழியர் என்பது கிறிஸ்தவர் கொள்கை. யூத உரையாசிரியர் பலரோ, பாடுபடும் இஸ்ரவேல் மக்களே அவ்வூழியன் என்றனர். அந்நூலின் 49ஆம் அதிகாரம் ஊழியனை இஸ்ரவேல் என்றே அழைக்கிறது. 40 முதல் 55 வரையான அதிகாரங்கள் கி.மு. 6ஆம் நூற்றாண்டின் பாபிலோனியச் சிறையிருப்புக் காலத்தைச் சேர்ந்தவை என்பது இன்றைய ஆய்வாளர் பெரும்பாலோரின் முடிபு.

11ஆம் நூற்றாண்டில் இவ்வாறு உரை கண்டவருள் ராஷி ஒருவர். இளமையில் அவர் கல்வி கற்ற வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களில், 1096இல் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கூட்டங்கள் யூதரைக் கொன்று குவித்தன. ஏசாயாவின் ஊழியனைக் கிறிஸ்துவெனப் போற்றியோர், தம் கையால் மடிந்தவரிடத்தே அவ்வூழியனைக் காணவில்லை.

இவற்றையெல்லாம் அறிந்தபின்னரே ஒன்று எனக்குத் தெளிவாயிற்று. அவ்வதிகாரத்தில் ஊழியன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. பேசுவோர், பார்த்துக்கொண்டு நின்றவர்கள். அவன் தெய்வத்தால் தண்டிக்கப்பட்டான் என்று எண்ணியிருந்தவர்கள், அவன் சுமந்தது தங்கள் குற்றத்தையே என்று ஒப்புக்கொள்கிறார்கள். அவன் நொறுக்கப்பட்டது இறைவன் சித்தம் என்றும் அதே அதிகாரம் கூறுகிறது. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் அது அடிபட்டவனுக்குச் சொல்லப்பட்ட உபதேசமன்று, பார்த்திருந்தவர்களின் வாக்குமூலம். அதனை ஏழைக்குப் பொறுமை போதிக்க எடுத்தாள்வோர், பேசுவோரின் இடத்தில் தாமே நிற்பதை மறந்துவிடுகிறார்கள்.

மறுவாரம் இதனை வகுப்பிற் கூறினேன். அம்மாணவி சற்று யோசித்தாள்.

"அவன் செத்த பிறகுதானே சேர் அவைக்கு விளங்கினது?"

அவ்வினாவை இப்போது நானே என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.