ஏரிகளைக் காண ஒரு யாத்திரை

சீன தேசத்தில் ஸூசௌ நகருக்கு அருகே ஜோஜுவாங் என்றொரு புராதனமான ஊர் உண்டு. அங்கே கால்வாய்களே வீதிகள், ஓடங்களே வண்டிகள். மிங் வம்சத்தார் காலத்து இரட்டைக் கற்பாலம் அவ்வூருக்குத் திலகம் போன்றது. 1984-ம் வருஷத்தில் சென் யீஃபெய் என்னும் ஓவியர் அந்தப் பாலத்தைச் சித்திரமாகத் தீட்டினார். அதன் மூலம் அவ்வூரின் கீர்த்தி கடல் கடந்து பரவிற்று. இன்று நம்மவர்களும் ஆகாய விமானம் ஏறிச் சென்று பார்த்து வருகிறார்கள்.

பார்க்கட்டும், சந்தோஷந்தான். ஆனால் சென்னை சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறி மேற்கே போனால், நம்முடைய நீர் ஊர்களையும் காணலாம் என்பதை எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி என்ற பெயர்கள் நமக்கு ரயில் நிலையங்களாகவே தெரியும். அவை ஏரிகளின் பெயர்களுங்கூட. நம் நாட்டில் வருஷத்து மழையில் பெரும் பகுதி சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆகவே நம் முன்னோர் கரை கட்டித் தண்ணீரைத் தேக்கினார்கள். ஏரி நிரம்பினால் வழிவதற்குக் கலிங்கு. வழிந்த நீர் அடுத்த ஏரியை அடையக் கால்வாய். அம்பத்தூர் ஏரியின் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்குப் போவது இந்த முறையில்தான்.

வழியில் திருமுல்லைவாயிலில் இறங்கி மாசிலாமணீசுவரரைத் தரிசியுங்கள். அங்கே நந்தி ஸ்வாமியைப் பார்த்திராமல் வாயிலைப் பார்த்திருக்கிறது. தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்குப் புறப்பட்ட கோலம் என்று ஸ்தல புராணம் சொல்லும்.

அடுத்தது ஆவடி. 'சோஷலிஸ்ட் பாணி சமுதாயம்' என்ற தீர்மானத்தை 1955-ல் காங்கிரஸ் மகாசபை நிறைவேற்றிய ஊர். இங்குள்ள பருத்திப்பட்டு ஏரியின் கரையைச் செப்பனிட்டு, நடைபாதை அமைத்துப் படகும் விட்டார்கள். மனம் வைத்தால் நம்மாலும் முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

அங்கிருந்து பஸ் ஏறித் திருக்கச்சி நம்பிகள் அவதரித்த பூந்தமல்லிக்குப் போய், அதற்கு அப்பாலுள்ள செம்பரம்பாக்கம் ஏரிக் கரைமீது நில்லுங்கள். கடல் போல் விரிந்த நீர்ப்பரப்பு! நிரம்பினால் ஆழம் 24 அடி. 2015 டிசம்பரில் இதிலிருந்து திறந்த நீரும் அடையாற்று வெள்ளத்தோடு சேர்ந்து சென்னையில் வீடுகளுக்குள் புகுந்தது. நான்கே வருஷங்களில், 2019 கோடையில், இதே ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. பட்டணத்து ஜனங்கள் குடத்துடன் லாரிக்குக் காத்து நின்றார்கள்.

வெள்ளமும் பஞ்சமும் ஒரே ஏரியில் நிகழக் காரணம் என்ன? மழை தவறுவது நம் கையில் இல்லை. ஆனால் வரத்துக் கால்வாய்களைத் தூர்த்ததும், ஏரிக்குள் மனை போட்டதும், சாக்கடையைத் திருப்பி விட்டதும் நாம் செய்த காரியங்கள் அல்லவா?

ஜோஜுவாங்கின் அழகைக் காட்ட ஓர் ஓவியர் வாய்த்தார். நம் ஏரிகளைக் காண நாம்தான் போகவேண்டும். மழைக்காலம் கழிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டுச் சோற்றுடன் குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று அவர்கள் கேட்பார்கள். பதில் சொல்வதற்காகவாவது நாம் அந்தக் கால்வாயைத் தேடிப் போவோம்.