களத்துல ஒரு ராத்திரி

பங்குனியில் சென்னையிலிருந்து மச்சினன் மகன் வந்திருந்தான்.

"மாமா, கொல்லிமலைக் காட்டுல டென்ட் போட்டுத் தங்கலாங்களா? அமெரிக்காவுல பல தேசியக் காடுகள்ல 14 நாள் வரைக்கும் காசில்லாமத் தங்க விடுறாங்க."

"இது காப்புக்காடு தம்பி. 1882-ஆம் வருஷத்து வனச் சட்டப்படி அனுமதி இல்லாம உள்ள போறதே குத்தம்."

எனக்குச் சட்டத்தைவிட நெருப்புதான் பயம். இந்த மாசத்துல மலையில் புல்லெல்லாம் சருகாக் கிடக்கும். சோறாக்கின அடுப்பு அணைஞ்சிருச்சுன்னு நம்பி வந்துருவோம், காத்து நம்பாது. ஒரு வருஷம் மலைச்சரிவுல ராத்திரி பூரா தீ ஊர்ந்ததை எங்க வயலிலிருந்தே பார்த்தேன். விடிஞ்சப்போ கிணத்துமேட்டுல சாம்பல்.

"நம்ம கடலைக்காட்டுக்கு வா" என்றேன். கயித்துக்கட்டில் ரெண்டு, டார்ச், பன்னி வந்தால் தட்டத் தகர டப்பா. நட்சத்திரம் பார்த்தபடியே தூங்கிப்போனான்.

காலையில், "தினமும் இப்படிப் படுக்கறீங்களே, கொடுத்து வெச்சவருங்க மாமா" என்றான்.

நான் ராத்திரி கண்ணே மூடலை. சொல்லவில்லை.