பல்லாவரத்துச் சந்தையில் நூறு கண்ணாடிகள்

மின்சார ரயிலில் தாம்பரம் போகும்போது பல்லாவரத்தைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். இறங்கிப் பார்ப்பவர் குறைவு. 1863 மே 30-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியல் அறிஞர் கற்கால மனிதனின் கல்லாயுதத்தைக் கண்டெடுத்தது இந்த ஊரில்தான். மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயிலும் இங்கேதான். இப்போது அது தர்காவாக இருக்கிறது. ஆனால் நம்மைப் போன்றவர்களை இழுப்பது வெள்ளிக்கிழமைச் சந்தைதான்.

பழைய டிரங்க் ரோட்டில் கடை விரித்திருப்பார்கள். பூச்செடி, கருவாடு, பழைய கட்டில், தையல் மிஷின், கோழிக்குஞ்சு, ஒற்றைச் செருப்பு கூட! (அதை யார் வாங்குவார்களோ, எனக்குப் புரியவில்லை.) பேரம் பேசத் தெரிந்தால் மண் தொட்டியோடு ரோஜாச்செடி மலிவாகக் கிடைக்கும்.

இந்தத் தடவை என்னோடு வந்தவள் என் நாத்தனார் மகள். பதினைந்து வயசு. காலையில் இட்லியைத் தொடவில்லை. "வெயிட் போட்டுட்டேன் அத்தை" என்கிறாள். பழைய பீரோக்கள், டிரஸ்ஸிங் டேபிள்கள் சாத்தி வைத்திருந்த இடத்தில் போய் நின்றுகொண்டாள். ஒவ்வொரு கண்ணாடியாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஒன்றில் குண்டாகத் தெரிந்தாள், இன்னொன்றில் நெடுநெடுவென்று. ஒன்றின் முன்னால் முகம் வாடிப் போச்சு. "இதுல ரொம்பக் கறுப்பா இருக்கேன்" என்றாள்.

கடைக்காரர் பீடியை அணைத்துவிட்டுச் சிரித்தார். "அது ரசம் போன கண்ணாடி, பாப்பா. அதுல என்னைப் பாத்தாலும் அப்படித்தான் தெரியும்."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பத்தடி தள்ளி வளையல், பொட்டோடு சேர்த்து க்ரீம் ட்யூப்களும் குவித்திருந்த தட்டுக் கடையில் மறுபடி நின்றாள். "ஏழே நாளில் வெளுப்பு" என்றார்கள். தயாரித்தவர் பெயர் இல்லை, மருந்து விவரம் இல்லை. அவள் கையிலிருந்து நான் வாங்கி வைத்துவிட்டேன்.

தாய்மார்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். இப்படிப்பட்ட க்ரீம்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். முதலில் முகம் பளிச்சென்று ஆகும். நாளாக நாளாக தோல் மெலிந்து சிவக்கும், பரு கிளம்பும், முகத்தில் முடி கூட வளரும். அதனால்தான் 2018-ல் ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவிட்டது. வேறு சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சாப்பாட்டு விஷயமும் அப்படித்தான். வயசுக்கு வரும் பருவத்தில் பெண்ணின் இடுப்பிலும் தொடையிலும் சதை வைப்பது இயற்கை. மாதவிலக்கு ஒழுங்காக வர அந்தச் சதை வேண்டும். அப்போது பட்டினி கிடந்தால் விலக்கு தள்ளிப் போகும், ரத்தசோகை வரும், படிப்பில் மனசு நிற்காது. சாப்பிடவே பயப்படுகிறாள், இளைத்துக்கொண்டே போகிறாள், விலக்கு மாதக்கணக்கில் நின்றுவிட்டது என்றால் திட்டாமல் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும்.

நம் வீட்டுப் பேச்சும் சும்மாவா இருக்கிறது? விருந்தாளி வந்தவுடன் "என்னடி இப்படிக் கறுத்துட்டே?" என்றுதானே ஆரம்பிக்கிறோம்! சென்னையில் கவிதா இம்மானுவேல் என்பவர் 2009-ல் கறுப்பும் அழகுதான் என்று ஒரு இயக்கமே தொடங்கினார். நடிகை நந்திதா தாஸ் பின்னால் அதற்குக் குரல் கொடுத்தார். 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி கூட 2020-ல் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டது. நம் வீட்டுக் கூடத்தில் மட்டும் அந்தப் பேச்சு போகவில்லை.

சந்தை வாசலில் சுடச்சுட வேர்க்கடலை வாங்கினோம். ஒரு பொட்டலம் முழுக்க அவளே தின்றாள். நான் பார்க்காதது போல் செடிக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

போக நினைப்பவர்கள் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். நல்ல பெரிய பை, சில்லறை, தண்ணீர் பாட்டில் மூன்றும் அவசியம். பழைய கண்ணாடி வாங்குவதானால் பின்பக்கம் ரசம் உரிந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.