கணக்கில் சேராத ஐந்தாவது

கோல்ப் தனியொருவர் ஆடும் ஆட்டம். பந்தை அடிப்பவரும் அவரே. அது புதருக்குள் போனால் தேடி நடப்பவரும் அவரே. இந்தத் தனி ஆட்டத்தை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் எளிய விதியொன்றினால் அணி விளையாட்டாக மாற்றியிருக்கின்றன. அணிக்கு ஐவர் ஆடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் சிறந்த நால்வரின் அடிகளே கூட்டப்படும். ஐந்தாவது எண் தள்ளப்படும்.

பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்த விளையாட்டுக் கூட்டணியை அங்கே 'கொன்பரன்ஸ்' என்கிறார்கள். ஆண்டுதோறும் வசந்தகாலத்தில் அதன் கிண்ணத்துக்காகப் பெரும்பாலும் மூன்று சுற்றுகள், 54 குழிகள், ஆடுவார்கள். வெல்லும் அணிக்குத் தேசியப் போட்டியின் அடுத்த கட்டம் திறக்கும்.

அப்படியொரு போட்டியில் என் தங்கையின் மகனும் ஆடினான். கடைசி நாள் அவனுக்கு 81 அடிகள். மற்ற நால்வரும் அதைவிடக் குறைவு. "அண்ணா, பிள்ளையின் கணக்கைச் சேர்க்கவே இல்லையாம்" என்று தொலைபேசியில் அழாக்குறையாகச் சொன்னாள் தங்கை.

தள்ளப்பட்ட எண் வீணான எண் அல்ல என்பதே என் எண்ணம். எவருடைய ஆட்டம் தள்ளப்படும் என்பது கடைசிக் குழி முடியும்வரை எவருக்கும் தெரியாது. நால்வரில் ஒருவர் சரிந்திருந்தால் அந்த 81தான் அணியைத் தாங்கியிருக்கும். பின்னால் ஒருவன் இருக்கிறான் என்ற துணிவில்தான் முன்னால் இருப்பவன் ஓடையைத் தாண்டி அடிக்கிறான். இதைத்தான் அவளிடம் சொன்னேன். அவள் தேறினாளா என்பது வேறு கதை.

எனக்கோ மனம் வேறு பக்கம் போயிற்று. கம்பளையிலிருந்து புசல்லாவை, றம்பொடை வழியே மலையேறினால் நுவரெலியாவின் கோல்ப் திடல் வரும். 1889இல் வெள்ளையர் அமைத்தது. பத்திரிகை வேலையாக எத்தனையோ தடவை அதைக் கடந்திருக்கிறேன். புல்வெளியில் அடிப்பவர் ஒருவர், பை சுமப்பவர் இன்னொருவர். இலங்கையின் தொழில்முறை ஆட்டக்காரர்களில் பலர் அந்தப் பை சுமப்போர் வரிசையிலிருந்து வந்தவர்கள்.

2002 பூசான் ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆண்கள் தனிநபர் கோல்பில் தங்கம் வென்றவர் இந்தியாவின் சிவ் கபூர். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பயின்றவர். வெள்ளி வென்றவர் நமது அநுர றோகண. பின்னர் இந்தியத் தொழில்முறைச் சுற்றில் மிதுன் பெரேராவும் தமிழரான தங்கராஜாவும் பட்டங்கள் வென்றார்கள். அந்தச் செய்திகள் நம் பத்திரிகைகளில் கிரிக்கெட்டுக்குக் கீழே நான்கு வரிகளாக வந்து மறைந்தன. பக்கம் அமைக்கும் மேசைகள் பலவற்றைக் கண்டவன் நான். அந்த நான்கு வரிக்கும் இடம் பிடிப்பது எவ்வளவு பாடு என்பதை அறிவேன்.

தொழில்முறை ஆட்டத்தில் ஐந்தாவது எண் என்ற சலுகை கிடையாது. இரண்டு சுற்றுகளில் பின்தங்கினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பெரும்பாலும் பரிசுப் பணம் இல்லை. பயணச் செலவும் தங்கும் செலவும் தலையில் விழும். கல்லூரி மாணவனுக்குப் பயிற்றுநர் உண்டு, பேருந்து உண்டு, சறுக்கினால் தாங்க நால்வர் உண்டு. 81 அடித்தவன் திங்கட்கிழமை வகுப்புக்குப் போகலாம்.

திறமைசாலிகள் எல்லா மலைகளிலும் பிறக்கிறார்கள். ஒரு நாள் மோசமாக ஆடியும் மறுநாள் திரும்பி வந்து ஆடும் உரிமைதான் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை முதல் எண்ணாக வந்தால் மட்டுமே நாம் திரும்பிப் பார்க்கிறோம். அவன் ஐந்தாவதாக இருந்து கற்றுக்கொள்ள ஓர் அணியை நாம் இன்னும் அமைக்கவில்லை.