பிரோஸ் ஷா கோட்லாவின் கற்றூண்

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பிரோஸ் ஷா கோட்லா என்னும் பெயரைக் கேளாதவர் இரார். ஆயினும் அங்குக் கிரிக்கெட் பந்தயம் காணச் செல்வோருள், மைதானத்தை அடுத்த பாழடைந்த கோட்டைக்குள் நுழைந்து, அங்கே நிற்கும் கற்றூணைக் கண்டு வருவோர் சிலரே. நாடே மறந்துவிட்ட எழுத்தொன்று மீண்டும் வாசிக்கப்பட்ட வரலாறு அத்தூணுக்கு உண்டு.

மூன்றடுக்குக் கட்டடத்தின் உச்சியில், சுமார் 13 மீட்டர் உயரமுள்ள ஒரே கல்லாக அது நிற்கிறது. கி. மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகர் தம் கட்டளைகளைப் பொறித்த தூண் இது. இன்றைய ஹரியானாவிலுள்ள தோப்ராவிலிருந்து, 14-ஆம் நூற்றாண்டில் சுல்தான் பிரோஸ் ஷா துக்ளக் இதனை 42 சக்கர வண்டியில் ஏற்றி, யமுனையில் படகு வழியாகத் தில்லிக்குக் கொணர்ந்தார். பண்டிதர்களை அழைத்து வாசிக்கச் சொன்னார்; எவராலும் இயலவில்லை. பிரோஸ் என்னும் மன்னர் தோன்றும்வரை இத்தூணை யாராலும் அசைக்க முடியாது என எழுதியிருப்பதாகச் சிலர் சொல்லிவைத்தனராம்!

17-ஆம் நூற்றாண்டில் வந்த ஆங்கில யாத்திரிகர் தாமஸ் கோர்யட், இதனைக் கிரேக்க எழுத்தென்றும், அலெக்ஸாந்தர் நாட்டிய வெற்றித் தூணென்றும் கருதினார். அவர் மயங்கியதில் வியப்பில்லை. இவ்வெழுத்தில் ககர வருக்கத்தின் மூன்றாம் எழுத்து கிரேக்க லாம்டாவையும், தகர வருக்கத்தின் இரண்டாம் எழுத்து தீட்டாவையும் அப்படியே ஒத்திருக்கின்றன. வடிவம் ஒத்தது, ஒலியோ வேறு.

புதிரை விடுவித்தவர் கல்கத்தா நாணயசாலை அதிகாரி ஜேம்ஸ் பிரின்ஸெப். எழுத்துக்களை வடிவவாரியாக வகுத்த அவர், அவற்றோடு ஒட்டிய சிறு கோடுகள் உயிர்க்குறிகள் என உணர்ந்தார். எனினும் அதனால் மட்டும் கதவு திறக்கவில்லை. 1837-இல் சாஞ்சி ஸ்தூபத்தின் சிறு கல்வெட்டுக்களை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை ஒரே இரண்டு எழுத்துக்களில் முடிவதைக் கண்டார். நம் கோயில்களில் விளக்கிலும் மணியிலும் 'உபயம்' என்று பொறிப்பதில்லையா? அதுபோல் இதுவும் கொடுத்தவர் பெயரும் 'தானம்' என்ற சொல்லுமாக இருக்கலாம் என ஊகித்தார். ஊகம் பலித்தது. அவ்வாண்டிலேயே தில்லித் தூணும் வாய் திறந்தது. சாலையோரம் ஆலமரம் நட்டதையும், மாந்தோப்பு வைத்ததையும், கிணறு வெட்டியதையும் அசோகர் அதில் கூறுகிறார்.

மதுரையைச் சூழ்ந்த குன்றுகளின் குகைகளிலும் இவ்வெழுத்தின் வகையே உள்ளது. அங்கு அறிஞரைத் திகைக்க வைத்த சில வடிவங்கள் ழ, ற, ன போன்ற தமிழுக்குரிய எழுத்துக்கள் எனவும், அவற்றின் மொழி தமிழே எனவும் 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார்.

கோட்லாத் தூண் சிதையவில்லை; எழுத்தும் அழியவில்லை. தலைமுறைதோறும் வடிவம் மாறி வர, பழையதைக் கற்பிப்பார் இலராயினர், அவ்வளவே. வீட்டில் தமிழ் பேசியும், பாட்டனாரின் கடிதத்தை வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் இன்று நம்மிடையே பலர். அவர்களுக்கு அக்கடிதமும் ஒரு கோட்லாத் தூணே. அதை வாசித்துக் காட்ட ஒரு பிரின்ஸெப் வரவேண்டியதில்லை. நாள்தோறும் அரைமணி நேரம் பெற்றோர் அருகில் அமர்ந்தால் போதும்.

தில்லி கேட் மெட்ரோ நிலையத்திலிருந்து கோட்லாவுக்கு நடந்தே செல்லலாம். விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளுடன் சென்று வாருங்கள்.